மாடி வீட்டுப் பையன்கள்

கேள்வி (தேனி வாசகர்): ஆப்கன் போரில் மூக்கை நுழைத்த பாகிஸ்தான் அதன் பலனை இன்று பெஷாவரில் அனுபவிக்கிறது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நாம் மட்டும் யோக்கியமா? 1983-க்குப் பிறகு இலங்கை விஷயத்தில் நாம் செய்தது என்ன?

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். டெல்லிக்காரர்களுக்கு அது வெளியுறவுக் கொள்கை. எனக்கு அது மாடி வீடு.

1985-ல் கோடம்பாக்கம் பக்கம் ஒரு வீட்டில் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மேலே ஐந்து பையன்கள். யாருக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. எதைக் கேட்டாலும் இலங்கைத் தமிழில் ‘ஓம்’ என்பார்கள். தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடங்களையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள். அம்மா தூக்கில் ரசம் ஊற்றி அனுப்புவாள். 83 ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பேப்பரில் படித்து அழுதவள் அவள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தெருவில் ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லோருக்கும்தான் தெரியுமே.

ஒரு ராத்திரி மேலே ‘டப்’ என்று சத்தம். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துவிட்டதாம். விடிந்ததும் ஒரு பையன் வந்து அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டான். மாடிப்படிக்கு மேலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஒரு ஓட்டை. எனக்கு மனசு கேட்கவில்லை, காவல் நிலையத்துக்குப் போனேன். “சிலோன் பசங்களா?” என்றார் ரைட்டர். ஆமாம் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். “இதெல்லாம் மேலிடத்து விஷயம் சார். நான் எழுத முடியாது. ஷீட்டை மாத்திக்குங்க.”

ஷீட்டை மாற்றினோம். அந்தப் பேனா மூடிய சத்தம்தான் போகவில்லை.

இந்த மாதிரிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தது நம் உளவு அமைப்பான ரா. டேராடூன் பக்கம் சில முகாம்கள், சேலம் மாவட்டத்துக் கொளத்தூரில் புலிகளுக்கு, ஒரத்தநாட்டில் பிளாட் என்ற இன்னொரு குழுவுக்கு. ஒரே குழு வளர்ந்தால் கைமீறிவிடும் என்று பல குழுக்களை வளர்த்தார்கள். டெல்லிக்கு வேண்டியிருந்தது, அமெரிக்கா பக்கம் சாய்ந்த இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவை வழிக்குக் கொண்டுவருவது. பையன்களுக்கு வேண்டியிருந்தது தனிநாடு. இந்த வித்தியாசத்தை இரண்டு பேருமே வெளியில் பேசாமல் நாலு வருடம் ஓட்டினார்கள்.

அதற்குள்ளேயே பில் வர ஆரம்பித்துவிட்டது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்தில் ஏற வேண்டிய வெடிகுண்டுப் பெட்டி மீனம்பாக்கத்திலேயே வெடித்துச் சுமார் 30 பேர் செத்தார்கள். 1986 தீபாவளி அன்று சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் செத்துப் போனார். அடுத்த வாரம், பெங்களூர் சார்க் மாநாட்டுக்கு முன்னால், மாநிலம் முழுக்க ஒரே நாளில் எல்லாக் குழுக்களின் ஆயுதங்களையும் போலீஸ் பறித்தது. முடியும் என்றால் ஒரே நாளில் முடிகிறது, பாருங்கள்! ஆனால் வயர்லெஸ் கருவிகளைக் கேட்டுப் பிரபாகரன் உண்ணாவிரதம் உட்கார்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேனா மறுபடி மூடிக்கொண்டது.

1987 அக்டோபரில், இலங்கைக்கு நாம் அனுப்பிய அமைதிப்படை சண்டை போட்டது, நாமே பயிற்சி கொடுத்த ஆட்களோடு. சுமார் 1,200 ஜவான்கள் திரும்பி வரவில்லை. இந்தியாவை வெளியேற்ற வேண்டும் என்று அதே புலிகளுக்கு, ஜெயவர்த்தனாவுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி பிரேமதாசா ஆயுதம் கொடுத்தது தனிக் கூத்து. 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஜூன் 19-ம் தேதி, கோடம்பாக்கம் சக்காரியா காலனியில், இன்னொரு குழுவான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவையும் பத்துப் பேருக்கு மேல் அவரோடு இருந்தவர்களையும் புலிகள் சுட்டுத் தள்ளினார்கள். கொலையாளிகள் காரில் கிளம்பி, பாதி மாநிலத்தைக் கடந்து, கரையில் படகேறிப் போய்விட்டார்கள். அந்த வேலையில் இருந்த சிவராசன்தான் மறு வருடம் திரும்பி வந்தான். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

எந்த வீட்டில் தங்கலாம், எந்த ரோட்டில் போகலாம், எந்தக் கரையில் படகு கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கற்றுக்கொள்ள ஏழெட்டு வருடம் அவகாசம் கொடுத்தவர்கள் நாம்தான்.

கேள்வி (ஒரத்தநாடு வாசகி): இந்தியா தலையிட்டது தப்பு என்பவர்களை ஒன்று கேட்க வேண்டும். 83-ல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தோம், அது சரி. ஜி. பார்த்தசாரதியைத் தூதராக அனுப்பிக் கொழும்போடு பேசினோம், அதுவும் சரி. கள்ளத்தனமாக ஆயுதம் கொடுத்ததைத்தான் சொல்கிறேன்.

உங்கள் ஊரிலேயே பெரியவர்களைக் கேளுங்கள். பிளாட் முகாம்களில் சொந்தத் தோழர்களையே சித்திரவதை செய்து கொன்றார்கள் என்று, அதிலிருந்து வெளியேறியவர்களே பின்னால் எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்து மண்ணில் கொலை நடக்கிறது, தஞ்சாவூர் மாவட்டத்துப் போலீஸ் உள்ளே போக முடியவில்லை என்றால் அந்த இடம் யாருடைய நாடு?

91-க்கு அப்புறம் அவதிப்பட்டது ஆயுதம் எடுத்தவன் இல்லை, அகதியாக வந்த குடும்பம். ‘டு லெட்’ போர்டு தொங்கும் வீட்டில் பேச்சுத் தமிழைக் கேட்டதும் “சிலோனா? வேண்டாம்மா” என்பார்கள். அகதி முகாம்களில் தலை எண்ணுவார்கள், வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். எண்பதுகளில் எழுதாமல் விட்டதையெல்லாம் போலீஸ் அந்தக் குடும்பங்களின் பெயரில் எழுதித் தீர்த்தது.

கேள்வி (திருப்பூர் வாசகர்): உங்கள் பழைய வீட்டு மாடியில் இருந்த போராளிப் பையன்களைப் பற்றி முன்பு ஒருமுறை சொன்னீர்கள். என்ன ஆனார்கள்?

பதில்: அவர்கள் டெலோ என்ற குழு. ராவுக்கு ரொம்பப் பிடித்த குழு என்று அப்போதே பேச்சு. 86 மார்ச் கடைசியில் நாலு பேர் ஊருக்குப் போனார்கள். மே மாதம், யாழ்ப்பாணத்தில் டெலோவைப் புலிகள் அழித்துவிட்டார்கள், தலைவர் சிறீசபாரத்தினம் கொல்லப்பட்டார் என்று செய்தி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் பயிற்சி நம்முடையதுதான். ஐந்தாவது பையன் பேப்பரை வாங்கிப் போய் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டான். நாலு நாள் கழித்து, கழுவித் துடைத்த ரசத் தூக்கைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டிருந்தான். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவன் வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.