24,000 ரூபாய் கார் ஸ்கேனர் உங்களுக்குத் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன், கைக்கு மாதம் 38,000 ரூபாய் வருகிறது. 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றிவிடுவேன். இரண்டு வருடத்தில் மூன்று முறை செக் என்ஜின் லைட் எரிந்தது, ஒவ்வொரு முறையும் ஸ்கேன் போட மட்டும் 600 ரூபாய் கொடுத்தேன். காரில் சொருகி என்ன கோளாறு என்று படிக்கும் ஸ்கேனரைச் சொந்தமாக வாங்கலாம் என்று பார்த்தால் 400 ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. டேப்லெட் மாதிரி ஒன்று 24,000 ரூபாய், நோ காஸ்ட் இஎம்ஐயில் மாதம் 2,000, பன்னிரண்டு மாதம். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். 24,000ஐ 600ஆல் வகுத்தால் 40 ஸ்கேன் வருகிறது. இரண்டு வருடத்துக்கு மூன்று ஸ்கேன் என்றால் போட்ட காசை எடுக்க 26 வருடத்துக்கு மேல் ஆகும், உங்கள் வண்டியின் ஆர்சியோ 15 வருடக் கணக்கில் 2029ல் முடிகிறது. நோ காஸ்ட் என்ற பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுவார்கள், ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அப்புறம் ப்ராசஸிங் கட்டணம் இரண்டும் உங்கள் கார்டில்தான் விழும்.

அதற்காக ஸ்கேனரே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், அதுவும் மொத்தப் பணமும் கொடுத்து. மிச்சமாகப் போவது 600 ரூபாய் ஸ்கேன் கூலி மட்டும் இல்லை, தவறான ஸ்பேருக்குக் கொடுக்கும் ஆயிரங்கள்தான் பெரிய தொகை. எனக்கே நடந்தது. என் காரில் பி 0171 என்ற கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்தது. என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்கு அர்த்தம். வண்டியை விட்ட ஷெட்டில் கோடை மட்டும் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, கூலியோடு 5,200 ரூபாய் வாங்கினார்கள், பத்தே நாளில் லைட் மறுபடி எரிந்தது. இன்னொரு மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகி, ஓடும் என்ஜினின் ஃப்யூவல் ட்ரிம் எண்ணைக் காட்டினார், கலவையைச் சரிக்கட்ட வண்டி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று சொல்லும் எண் அது. ஐடிலிங்கில் பிளஸ் 22, ஆக்சிலேட்டரை 2,500 ஆர்பிஎம்முக்கு மிதித்தால் பிளஸ் 5. இப்படி இறங்கினால் எங்கேயோ வெளிக்காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ் நகத்தளவு கிழிந்திருந்தது, அதன் விலை 180 ரூபாய்.

அதனால் வாங்கும் ஸ்கேனர் கோடை மட்டும் சொன்னால் போதாது, லைவ் டேட்டாவும், அதாவது என்ஜின் ஓடும்போதே இப்படிப்பட்ட எண்களையும் காட்ட வேண்டும். அடிமட்ட விலையில் வருபவை சில கோடை மட்டும் படித்து அழிக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். போனோடு சேர்ந்து வேலை செய்யும் 400 ரூபாய் ப்ளூடூத் அடாப்டர்களில் ஈஎல்எம் 327 என்று ஒரு சிப்பின் பெயர் எழுதியிருக்கும், அந்த சிப்பை உருவாக்கியது கனடாவில் இருந்த ஒரு நிறுவனம், இந்த விலைக்கு வருவதெல்லாம் நகல். நகலிலும் ஓடுபவை உண்டு, ஆனால் பாதியில் தொடர்பு அறுந்து போவது சகஜம். உங்களிடம் ஐபோன் இருந்தால் பழைய ப்ளூடூத் மாடல் சேரவே சேராது, ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை என்று பார்த்து வாங்க வேண்டும். போனை நம்ப விருப்பமில்லை என்றால் ஒயரோடு வரும் சின்னத் திரை ஸ்கேனரே நல்லது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி 2, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துக் கோடாகச் சொல்லும் அமைப்பு, கட்டாயம், ஆகவே உங்கள் வண்டியில் வேலை செய்யும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

வந்ததும் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் சோதித்துவிடுங்கள். என்ஜின் சூடான பிறகு கூலன்ட் வெப்பம் 90 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும், ஆர்பிஎம் உங்கள் மிதிக்கு ஏற்ப உடனே ஏற வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அந்த சாக்கெட்டின் ஒரு பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கும், பல நாள் ஓட்டாத வண்டி என்றால் பேட்டரி இறங்கிவிடும்.

கோடு வந்தால் கடைக்கு ஓடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். பி 0302 வந்தது, வண்டி உதறுகிறது என்று வையுங்கள், அது இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. என்ஜின் ஆறிய பிறகு ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில்களில் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடை அழித்து ஓட்டிப் பார்த்தால், இப்போது பி 0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, ஒரு காயில் வாங்கினால் போதும். அதே 0302 நின்றால் ப்ளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். ஆனால் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதையும் கெடுத்துவிடும், அது பெரிய செலவு. ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகளை இந்த விலை ஸ்கேனர்கள் பெரும்பாலும் படிக்காது. அதற்கு மட்டும் 600 ரூபாய் கொடுத்து ஒர்க்‌ஷாப்பிலேயே பாருங்கள், அதற்காக 24,000 தேவையில்லை.

சரி, மாதம் 2,000 எடுத்துவைக்க முடியும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதை வங்கியில் ஒரு வருட ஆர்டியாகப் போடுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும், இன்சூரன்ஸும் வருடா வருடம் கட்ட வேண்டும். முதல் வேலையாக டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள், 2219 என்றால் 2019ன் 22வது வாரத்தில் செய்தது. அப்படி ஆறு வருடம் தாண்டியிருந்தால் ஆர்டி முடிந்து வரும் பணம் முதலில் நான்கு டயருக்குத்தான் போக வேண்டும்.