கீஸ் பண்ணைக்கு அம்மாவுடன் நடந்து செல்லலாமா?

வணக்கம். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் உள்ள கீஸ் பண்ணைக்கு, 65 வயது அம்மாவையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் நடந்து சென்று வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பில் கீஸ் பாலைநிலத்தின் நடுவே குடும்பத்தோடு வாழ்ந்த அந்தப் பண்ணைக்குள், சீட்டு வாங்கிக்கொண்டு பூங்காவின் வழிகாட்டியுடன் மட்டுமே நுழைய முடியும். நாமாக நடந்து போய்ப் பார்க்க அனுமதி இல்லை.

அதற்குப் பதிலாக அதே பூங்காவில் உள்ள வால் ஸ்ட்ரீட் ஆலைப் பாதையில் செல்லுங்கள். போய்வர ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான்; பெரும்பாலும் சமதரை என்பதால் அம்மாவுக்குச் சிரமம் இராது. பாதையிலிருந்து சற்று விலகினால், வொண்டர்லேண்ட் பண்ணைவீட்டின் இளஞ்சிவப்புச் சுவர்கள் கூரையின்றி வெயிலில் வெளிறி நிற்பதைக் காணலாம். பாதையின் முடிவில், தங்கத் தாதுவைப் பொடிப்பதற்காகக் கீஸ் நடத்திய ஆலையும் துருவேறிய பழைய வண்டிகளும் இருக்கின்றன. அங்கே கிடக்கும் ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்பதை மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள். பாறை இடுக்குகளில் பாம்பு இருக்கலாம், அவற்றுக்குள் கையை நுழைக்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள்.

என் கவலையெல்லாம் நீங்கள் குறித்திருக்கும் ஜூன் மாதத்தின் கடும் வெயிலைப் பற்றியதுதான். நவம்பருக்குத் தள்ளிவைக்க முடிந்தால் தயவுசெய்து தள்ளிவையுங்கள். முடியாவிட்டால், விடியும்போதே புறப்பட்டு ஒன்பது மணிக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள். பாதையில் நிழலும் குடிநீரும் கிடையாது. கைப்பேசியும் பெரும்பாலும் எடுக்காது. ஆகவே அன்றைய பொழுதுக்கு ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீரை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.