சலிப்பது பிள்ளைக்கா, உங்களுக்கா?

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு 3 வயது, 5 வயது. ஊர்ப் பூங்காவில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் சலித்துப்போகிறது. ஞாயிறுதோறும் கேரளத்தில் இருக்கும் தென்மலைக்குக் கூட்டிப்போனால்தான் பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்து வளரும் என்கிறார் என் வீட்டுக்காரர். சரிதானா?
- ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: சலித்துப்போவது யாருக்கு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே. மூன்று வயதுப் பிள்ளை ஏறும், சறுக்கும், சுற்றி ஓடிவந்து திரும்ப ஏறும், இருட்டி நீங்கள் தூக்கிக்கொண்டு கிளம்பும்வரை இதையேதான் செய்யும், கிளம்பும்போது அழவும் செய்யும். சலிப்பெல்லாம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான்.

தென்மலை நல்ல இடம், குறை சொல்லவில்லை. அணை, படகு, மான் பூங்கா எல்லாம் உண்டு. ஆனால் நடப்பது என்ன? புளியரை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும், இறங்கியதும் டிக்கெட் வரிசை, படி வருகிற இடத்திலெல்லாம் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏற, உங்கள் வீட்டுக்காரர் முன்னால் போய் போட்டோ எடுக்க, பெரியது பலூன் கேட்டு அடம்பிடிக்க, மானைப் பார்க்கும் நேரத்துக்கு இரண்டும் தூங்கிப்போயிருக்கும். அப்புறம் திரும்பும்போது வீட்டையும் தாண்டிப் பிரானூர் பார்டர் வரை போய் புரோட்டா சாப்பிடுவீர்கள். (1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அந்த பார்டர் போய்விட்டது, பெயரும் புரோட்டாவும்தான் மிச்சம்.) இது பெரியவர்களின் சுற்றுலா. வருஷத்துக்கு ஓரிரு முறை போங்கள், அன்றைக்கும் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். 1904-ல் மீட்டர்கேஜாக வந்த பாதை, 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. பகவதிபுரம் தாண்டினால் மலையைக் குடைந்த நீளமான குகை, தென்மலைக்கு முன்னால் பதிமூணு கண் பாலம், வண்டியும் மெதுவாகத்தான் போகும். பிள்ளைகளுக்கு மானைவிட அந்தக் குகைதான் மனதில் நிற்கும்.

மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பு அசையவேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக ஓடியாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. தினமும் வேண்டியதை வாரத்துக்கு ஒரு நாள் காரில் உட்கார வைத்துக் கொடுக்க முடியாது. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அந்த இரண்டு ஊஞ்சல்தான் கை கொடுக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். தகரச் சறுக்கு என்றால் முதலில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் டவுசர் போட்ட பிள்ளைக்கு இன்னும் சுடும். ஜூன் பிறந்து கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிட்டால் ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும், பூங்காவில் ஆள் இருக்காது. பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோய் சறுக்கைத் துடைத்துவிட்டால் இடம் முழுக்க உங்கள் பிள்ளைகளுக்குத்தான்.

இன்னொன்று, இதை எல்லா வீட்டிலும் செய்கிறார்கள்: சின்னது பயப்படுகிறதே என்று மடியில் வைத்துச் சறுக்குவது. செய்யாதீர்கள். தனியாகச் சறுக்கும் பிள்ளையின் கால் ஓரத்தில் சிக்கினால் பிள்ளை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மடியில் இருந்தால் கால் நிற்கும், உங்கள் எடை நிற்காது, பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிடலாம். பயந்தால் சறுக்கவேண்டாம், கீழே மண்ணில் எறும்பு பார்க்கட்டும், புங்கங்காய் பொறுக்கட்டும், ஒரு வாரம் போனால் தானாக ஏறும்.

ஊஞ்சலில் உட்கார வைக்கும் முன் மேலே சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அன்றைக்கு ஊஞ்சல் கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கும் பொறுப்பை உங்கள் வீட்டுக்காரரிடம் விடுங்கள். கவுன்சிலரைப் பார்த்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன் என்று வந்து நின்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கையில் ரசீது இருக்கவேண்டும்.