ஆறு ஆட்டங்களும் ஒரு சேற்றுத் திடலும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் வரலாற்றில் ஒரே ஒரு பருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றி 1971–72 பருவத்தைச் சொல்வேன். முதல் இறுதிப்போட்டி 1872 மார்ச் மாதம் லண்டனின் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில் நடந்தது. அதில் வாண்டரர்ஸ் அணி ராயல் இன்ஜினியர்ஸ் அணியை 1–0 என்று வென்றது. அதன் நூற்றாண்டு நிறைவில் வந்த பருவம் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. தோற்றவர் வெளியேற வேண்டும் என்ற ஒற்றை விதியில் இயங்கும் இந்தப் போட்டியில், வெற்றி தோல்வியின்றி முடிந்த ஆட்டத்தை மற்றொரு நாளில் மீண்டும் ஆட வேண்டும் என்ற பழைய நடைமுறை எவ்வளவு பெரிய நிகழ்வுகளுக்கு இடமளித்தது என்பதை இந்த ஒரு பருவம் தகுதிச் சுற்றிலிருந்து இறுதிவரை காட்டியது. அந்தக் காலத்தில் மறு ஆட்டங்களுக்கு எண்ணிக்கை வரம்பே கிடையாது. முடிவு தெரியும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு சிறிய அணிகள் அந்த ஆண்டு ஆறு முறை மோதியதாகப் படித்தேன். உண்மைதானா?

பதில்: உண்மைதான். நான்காம் தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச் என்னும் கிராமத்து அணியும் ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி அணியும் 1971 நவம்பர் 6-ஆம் தேதி முதலில் சந்தித்தன. ஐந்து ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. ஆறாவது ஆட்டத்தில் ஆல்வ்சர்ச் 1–0 என்று வென்றபோது இரு அணிகளும் மொத்தம் 11 மணி நேரம் ஆடியிருந்தன. எஃப்.ஏ. கோப்பையில் ஒரே மோதல் இவ்வளவு நீண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இவர்கள் இன்னும் முடிவு காணாமல் இருந்த நாள்களில்தான், நவம்பர் 20 அன்று, முதல் சுற்றில் போர்ன்மத் அணியின் டெட் மெக்டூகல் மார்கேட் அணிக்கு எதிராகத் தனியொருவராக ஒன்பது கோல்கள் அடித்தார். அந்த ஆட்டம் 11–0 என்று முடிந்தது. இத்தனை பாடுபட்டு முதல் சுற்றை எட்டிய ஆல்வ்சர்ச், அங்கே ஆல்டர்ஷாட்டிடம் 4–2 என்று தோற்றது. அந்தத் தோல்வி மனத்தை வருத்தினாலும், சம்பளத்துக்காக ஆடாத அந்த ஆட்டக்காரர்கள் பதினேழு நாள்களில் ஆறு முறை திடலில் இறங்கியதை நான் மிகுந்த மரியாதையோடு நினைவுகூர்கிறேன்.

கேள்வி: நியூகாசில் அணியை வீழ்த்திய ஹெரெஃபோர்டின் கோலை அடித்தவர் ரானி ராட்ஃபோர்டு என்று என் நண்பர் சொல்கிறார். நான் ரிக்கி ஜார்ஜ் என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: வெற்றி கோலை அடித்தவர் ரிக்கி ஜார்ஜ்தான். ஆனால் உங்கள் நண்பரின் நினைவில் ராட்ஃபோர்டு நிற்பதற்கு நியாயமான காரணம் உண்டு.

ஹெரெஃபோர்டு யுனைடெட் அப்போது நான்கு டிவிஷன்கள் கொண்ட லீக் அமைப்புக்கு வெளியே, சதர்ன் லீகில் ஆடிய அணி. இரண்டாம் சுற்றில் நார்த்தாம்ப்டன் அணியையே மூன்றாவது ஆட்டத்தில்தான் அதனால் வெல்ல முடிந்தது. மூன்றாம் சுற்றின் குலுக்கலில் லீகின் உச்ச நிலையான முதல் டிவிஷனில் ஆடிய நியூகாசில் எதிரே வந்தது. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பிரையன் ஓவன் கோல் அடித்தார். பிறகு நியூகாசில் இரண்டு கோல்கள் போட்டு முந்தியது. ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்த காலின் அடிசன் தொலைவிலிருந்து அடித்த கோல் 2–2 என்று சமன் செய்தது. எனவே மறு ஆட்டம் ஹெரெஃபோர்டின் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்துக்கு வந்தது. மழையால் பலமுறை தள்ளிப்போய், 1972 பிப்ரவரி 5 அன்று, மற்ற அணிகள் நான்காம் சுற்றை ஆடிக்கொண்டிருந்த அதே நாளில், சேறாகிப்போன திடலில் அது நடந்தது.

ஆட்டம் முடிய எட்டு நிமிடங்களே இருந்தபோது மால்கம் மெக்டொனால்ட் தலையால் முட்டி நியூகாசிலை முன்னிலைப்படுத்தினார். அதோடு கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். அடுத்த சில நிமிடங்களில், தச்சு வேலை செய்துகொண்டே கால்பந்து ஆடிவந்த ராட்ஃபோர்டு, ஓவனிடம் பந்தைக் கொடுத்து வாங்கி, ஏறத்தாழ முப்பது கெஜத் தொலைவிலிருந்து உதைத்தார். அந்தச் சேற்றில் பந்து ஒழுங்காக உருள்வதே அரிது. அதுவோ வலையின் மேல் மூலைக்குள் பாய்ந்தது. சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் திடலுக்குள் ஓடிவந்தார்கள். ஆனால் அந்த கோல் ஆட்டத்தைச் சமன் மட்டுமே செய்தது. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ரிக்கி ஜார்ஜ், கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் அடித்த தாழ்வான பந்துதான் 2–1 என்ற முடிவைத் தந்தது. லீகுக்கு வெளியே உள்ள அணி ஒன்று முதல் டிவிஷன் அணியை வென்றது, 1949-இல் யோவில் அணி சண்டர்லாந்தை வென்றதற்குப் பிறகு அதுவே முதல் முறை.

பி.பி.சி.யில் அன்று வர்ணனை செய்த ஜான் மோட்சன் அப்போது இளைஞர். அவருடைய பெயர் நாடெங்கும் பரவியதும் அந்த ஆட்டத்தினால்தான். நான்காம் சுற்றில் ஹெரெஃபோர்டு தன் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் அணியை கோல் ஏதுமின்றித் தடுத்து நிறுத்தி, மறு ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்டின் மூன்று கோல்களால் 3–1 என்று தோற்றது. அந்தக் கோடையில் நடந்த வாக்கெடுப்பில் பாரோ அணிக்குப் பதிலாக ஹெரெஃபோர்டு லீகில் சேர்க்கப்பட்டது.

கேள்வி: அந்த ஆண்டு கோப்பையை வென்றது எந்த அணி?

பதில்: லீட்ஸ் யுனைடெட். மே 6 அன்று வெம்ப்லியில் மிக் ஜோன்ஸ் அனுப்பிய பந்தை ஆலன் கிளார்க் தலையால் முட்டி கோலாக்க, நடப்புச் சாம்பியனான ஆர்சனல் 1–0 என்று தோற்றது. இறுதி நிமிடங்களில் முழங்கை மூட்டு விலகிய ஜோன்ஸ், கட்டுப்போட்ட கையோடு படியேறிச் சென்றே பதக்கம் பெற்றார். இரண்டே நாள் கழித்து வுல்வர்ஹாம்ப்டனிடம் 2–1 என்று தோற்ற லீட்ஸ், லீக் பட்டத்தை ஒரு புள்ளியில் டெர்பியிடம் இழந்தது. எஃப்.ஏ. கோப்பையை அந்த அணி வென்றது அந்த ஒரு முறைதான்.

கேள்வி: சமநிலையில் முடிந்த ஆட்டத்தை இரு அணிகளும் மாறி மாறி பெனால்டி உதைத்துத் தீர்மானிக்கும் பெனால்டி ஷூட் அவுட் அப்போது இல்லையா? மறு ஆட்டங்களை இப்போது நீக்கிவிட்டது சரிதானா?

பதில்: இந்தப் போட்டியின் முதல் பெனால்டி ஷூட் அவுட் அதே பருவத்தின் கணக்கில்தான் வருகிறது. அரையிறுதியில் தோற்ற அணிகள் மூன்றாம் இடத்துக்காக ஆடும் வழக்கம் அப்போது சில ஆண்டுகள் இருந்தது. 1972 ஆகஸ்டில் பர்மிங்ஹாமும் ஸ்டோக்கும் கோலின்றி முடிக்க, பர்மிங்ஹாம் பெனால்டிகளில் 4–3 என்று வென்றது. முக்கியச் சுற்றுகளுக்கு அந்த முறை 1991–92 பருவத்தில்தான் வந்தது. 2024–25 முதல், முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டம் அறவே இல்லை.

பெரிய அணிகளுக்கு ஐரோப்பியப் போட்டிகள் பெருகிவிட்டன, ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு இல்லை என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய விதி அன்று இருந்திருந்தால், 2–2 என்ற நிலையில் ஹெரெஃபோர்டு அதே நாளில், நியூகாசில் ரசிகர்களின் நடுவே, கூடுதல் நேரமும் பெனால்டியும் ஆடியிருக்க வேண்டும். எட்கர் ஸ்ட்ரீட்டுக்கு நியூகாசில் வந்தே இருக்காது. பெரிய அணியை அதன் சொந்த மைதானத்தில் சமன் செய்த சிறிய அணிக்கு, தன் ஊர் மக்கள் முன்னால் மீண்டும் ஆடும் உரிமையும் அந்த ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருவாயில் பங்கும் கிடைத்துவந்தன. குறைந்தபட்சம், முதல் இரண்டு டிவிஷன் அணிகள் வந்து சேரும் மூன்றாம் சுற்றிலாவது, கீழ்நிலை அணி எதிரணியின் மைதானத்தில் சமன் செய்தால் மறு ஆட்டம் உண்டு என்ற விதியை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் கோரிக்கை.