புதிய கைபேசி, மின்னூல் வாசிப்புக் கருவி: முதல் சில நாள்களில் எதை நம்பலாம்? கேள்வி பதில்

புதிதாக ஒரு கைபேசியோ மின்னூல் வாசிப்புக் கருவியோ வாங்கியவர்களும், வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதப்பட்டவை என்பதால், அந்த நாள்களில் கண்ணில் படுவனவற்றுள் எதை அப்படியே நம்பலாம், எதற்குச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும் என்பதையே முதன்மையாகக் கொண்டிருக்கிறேன். விலை அடிக்கடி மாறுவதால் அதைத் தொடவில்லை.

கேள்வி: அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் பேப்பர்வொயிட் நேற்று கைக்கு வந்தது. திரை கைபேசியைப் போல வெள்ளையாக இல்லாமல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. சில பக்கங்களைத் திருப்பும்போது திரை முழுவதும் ஒரு கணம் கறுத்து மீள்கிறது. பழுதான கருவியை அனுப்பிவிட்டார்களா?

பழுதில்லை. கைபேசியின் திரை தானே ஒளியை உமிழ்கிறது. கிண்டிலில் உள்ள இ-இங்க் திரையோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அத்திரைக்குள் தலைமயிரின் தடிமனை ஒத்த நுண்குமிழ்கள் எண்ணற்றவை இருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கேற்ப ஒருவகைத் துகள் மேலே வர, மற்றது கீழே போகிறது. மேலே வந்த துகள்கள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிடுவதால்தான் உறக்க நிலையிலும் திரையில் படம் தெரிகிறது. சில துகள்கள் முழுமையாக நகராமல் நின்றுவிட்டால் முந்தைய பக்கத்தின் நிழல் மெல்லியதாகத் தெரியும். அதைத் துடைப்பதற்காகவே திரை அவ்வப்போது ஒருமுறை முழுவதும் கறுத்து வெளுக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய இ-இங்க் நிறுவனம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து 1997-ல் பிரிந்து உருவானது. அதன் திரையுடன் சோனியின் லிப்ரியே 2004-ல் ஜப்பானிலும், முதல் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. அவற்றில் விளக்கே கிடையாது. திரைக்கு முன்புறமாக ஒளியைப் பரப்பும் அமைப்பு 2012-ல் வந்த முதல் பேப்பர்வொயிட்டில்தான் கிண்டிலுக்குக் கிடைத்தது. எனவே இதன் வெண்மையை நாளிதழ்த் தாளோடு ஒப்பிடுங்கள், கைபேசியோடு ஒப்பிடாதீர்கள். பகலில் சன்னலோரம் அமர்ந்து, விளக்கை நன்றாகக் குறைத்து நான்கைந்து பக்கம் படித்தால் கருவியின் அருமை புரியும். முதல் நாளிலேயே பார்க்க வேண்டிய உண்மையான குறைகள் வேறு: இருட்டறையில் விளக்கைப் பாதி அளவில் வைத்து வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறங்கள். ஓரிடத்தில் திட்டாக மஞ்சள் படர்ந்திருந்தாலோ, திரைக்கு அடியில் தூசி ஒளிப்புள்ளியாகத் தெரிந்தாலோ தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். அவை நாளடைவில் சரியாகிவிடும் குறைகள் அல்ல.

கேள்வி: “12 வாரம் சார்ஜ் நிற்கும்” என்ற விளம்பரத்தை நம்பி 2024 பேப்பர்வொயிட் வாங்கினேன். மூன்று நாளில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

விளம்பரத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்துகளையும் படிக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி நேர வாசிப்பு, வைஃபை அணைந்த நிலை, விளக்கு 13-ஆம் அளவு என்ற நிபந்தனைகளின் பேரில் சொல்லப்படும் கணக்கு அது. 12 வாரம் என்றால் 84 நாள், ஆக மொத்தம் 42 மணி நேர வாசிப்பு. நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பவருக்கு அது இரண்டு வாரம்தான். 42 மணி நேரம் என்பதே பெரிய விஷயம். அதை அப்படியே சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. நூல்களை மொத்தமாக ஏற்றியதும், தேடுவதற்கு வசதியாகச் சொற்களின் அட்டவணையைக் கருவி பின்னணியில் தயாரிக்கிறது. அந்த வேலை முடியும்வரை சார்ஜ் வேகமாகக் குறையும். இரவு சார்ஜரில் மாட்டி வைத்துவிட்டு மறுநாளிலிருந்து கணக்கிடுங்கள். அதன்பிறகும் குறைந்தால், கடைசியாக ஏற்றிய கோப்புகளுள் ஏதோ ஒன்று பழுதாகியிருக்கலாம். அவற்றை நீக்கிப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் மாமனாருக்காக வாசிப்புக் கருவி ஒன்று வாங்கினோம். ஆங்கில நூல்கள் அழகாகத் தெரிகின்றன. நண்பர் அனுப்பிய தமிழ் நூல்களில் சிலவற்றில் கட்டம் கட்டமாக வருகிறது, சிலவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கிறது, ஒன்றில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. கருவிக்குத் தமிழே தெரியாதா?

மூன்றும் மூன்று வெவ்வேறு சிக்கல்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

கட்டங்கள் மட்டும் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கிண்டிலிலும், கோபோ என்னும் மற்றொரு நிறுவனத்தின் கருவிகளிலும், கணினியுடன் இணைத்து உரிய எழுத்துருக் கோப்புறையில் நமக்கு வேண்டிய எழுத்துருவை இட முடியும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் இதற்குப் போதுமானது.

கொம்பு இடம் மாறுவது இன்னும் ஆழமான சிக்கல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் ‘கெ’ என்னும் எழுத்து, ‘க’ முதலிலும் ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னும் வருமாறு சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் நிற்க வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கு எழுத்துரு மட்டும் போதாது. எழுத்துருவையும் உரையையும் சேர்த்து வடிவத்தை அமைக்கும் ஒரு மென்பொருள் கருவிக்குள் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் செய்கிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத கருவியில் எத்தனை எழுத்துருக்களை மாற்றினாலும் பயனில்லை. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால், கோபோ, பாக்கெட்புக் போன்ற கருவிகளில் கேஓரீடர் என்னும் கட்டற்ற வாசிப்புச் செயலியை நிறுவலாம். அதிலும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிவது கருவியின் குற்றமே அன்று. அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற முறையில் தட்டச்சு செய்யப்பட்டது. உரிய எழுத்துரு இருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். எழுத்துமாற்றி ஒன்றின் மூலம் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே வழி.

கடையில் நின்று சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், ‘தொழில், கேள்வி, கௌரவம், நெஞ்சு, ஸ்ரீ’ என்னும் ஐந்து சொற்களை ஒரு கோப்பில் எழுதி ஏற்றிப் பாருங்கள். இவை சரியாகத் தெரிந்தால் நூல் முழுவதும் சரியாகத் தெரியும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கிண்டில் கடையில் 2016 டிசம்பர் முதல் இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகியவற்றோடு தமிழ் நூல்களும் விற்கப்படுவதால், அங்கே வாங்கும் நூல்களில் இச்சிக்கல் எழுவது அரிது.

கேள்வி: பழந்தமிழ் நூல்களின் பிடிஎஃப் கோப்புகள் என்னிடம் ஏராளமாக உள்ளன. 6 அங்குலக் கருவியில் அவற்றைப் படிக்க முடியுமா?

படிக்க முடியும், ஆனால் நெடுநேரம் படிக்கமாட்டீர்கள். பிடிஎஃப் என்பது அச்சிட்ட பக்கத்தின் தோற்றத்தை அப்படியே காப்பது. ஏ4 அளவுப் பக்கம் 6 அங்குலத்துக்குச் சுருங்கும்போது எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாதிப் பக்கமாகப் படிப்பது ஒரு தற்காலிக வழி. நகலெடுத்த நூல்களே உங்கள் முதன்மை வாசிப்பு என்றால், 10.2 அங்குலத் திரை கொண்ட கிண்டில் ஸ்க்ரைப் போன்ற பெரிய கருவியைப் பாருங்கள்.

சங்க இலக்கியமும் காப்பியங்களும் எனில் வேறு வழியும் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில் நூற்றுக்கணக்கான நூல்களை யூனிகோடு உரையாகவும் தருகிறது. அவற்றை இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவக் கோப்பாக மாற்றினால் எழுத்தளவை விரும்பியபடி கூட்டிக்கொள்ளலாம். கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் சேவை 2022 முதல் இபப் வடிவத்தையும் ஏற்கிறது.

இதோடு ஒரு சிறு குறிப்பு. தமிழில் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் இருபுறமும் சமன்செய்த வரிகளைப் படித்தால், நான்கு சொற்களுக்கு நடுவே அகன்ற வெற்றிடங்கள் தெரியும். கருவியின் அமைப்பில் இடப்புறச் சீரமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அந்த உறுத்தல் போய்விடும். வாங்கிய அன்றே நான் முதலில் மாற்றச் சொல்லும் அமைப்பு இதுதான்.

கேள்வி: வண்ணத் திரையுள்ள வாசிப்புக் கருவிகள் வந்துவிட்டனவே, கறுப்பு வெள்ளையை இனி வாங்கலாமா?

நாவல், கட்டுரை, கவிதை படிப்பவர் தாராளமாக வாங்கலாம். 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட கோபோ லிப்ரா கலர், கிளாரா கலர் ஆகியவற்றில் கெலைடோ 3 என்னும் இ-இங்க் திரை இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் கிண்டில் கலர்சாஃப்ட்டும் வந்தது. இத்திரைகள் அடிப்படையில் கறுப்பு வெள்ளைத் திரைகளே; மேலே ஒரு வண்ண வடிகட்டி பதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்தில் தெரியும்போது, வண்ணம் 150 புள்ளி அளவிலேயே தெரிகிறது. வடிகட்டி கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுவதால் பின்புலமும் மங்கலாகிறது. கடையின் விளக்கொளியில் முதல் முறை பார்க்கும்போது அட்டைப்படங்களின் வண்ணம் மனத்தைக் கவரும். வீட்டில் முந்நூறு பக்க நாவலைப் படிக்கும்போது கவனத்துக்கு வருவது அந்த மங்கலான பின்புலம்தான். படக்கதையும் குழந்தைகளுக்கான நூல்களும் படிக்கிறீர்கள், வண்ணக் கோடிட்டுக் குறிப்பெடுக்கிறீர்கள் என்றால் மட்டும் வண்ணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: புதுக் கைபேசி முதல் நாளே சூடாகிறது, மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. திருப்பித் தந்துவிடவா?

ஒரு வாரம் பொறுங்கள். பழைய கைபேசியிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களையும் செய்திகளையும் இறக்கிக்கொள்வது, செயலிகளைப் புதுப்பிப்பது, படங்களில் உள்ள முகங்களை வகைப்படுத்துவது என முதல் சில நாள்கள் அது பின்னணியில் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். நீங்கள் எந்தச் செயலியை எப்போது பயன்படுத்துகிறீர்கள் என்பதைக் கவனித்துச் சார்ஜைச் சிக்கனப்படுத்தும் ஏற்பாட்டுக்கும் சில நாள் பழக்கம் தேவை. கைபேசி சும்மா கிடக்கும்போதும் சூடாக இருப்பது ஒரு வாரத்துக்குப் பிறகும் தொடர்ந்தால் மட்டுமே ஐயப்பட வேண்டும். ஆனால் திருப்பித் தருவதற்கான கெடு அதற்குள் முடிந்துவிடாதபடி தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு: வேகம். கடையில் ஐந்து நிமிடம் விளையாட்டை ஓட்டிப் பார்த்தால் எல்லாக் கைபேசியும் பறக்கும். உள்ளே வெப்பம் ஏறியதும் கைபேசியின் மூளையான சில்லு (புராசசர்) தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் விளையாடிய பிறகு இருக்கும் வேகமே அதன் உண்மையான வேகம்.

கேள்வி: 108 மெகாபிக்சல் கேமரா என்றார்கள், எடுத்த படம் 12 மெகாபிக்சல்தான். ஏமாற்றா?

ஏமாற்று அன்று. ஒன்பது சிறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பெரிய புள்ளியாகக் கணக்கிடுவதால் 108 பன்னிரண்டாகிறது. மங்கிய ஒளியில் படம் தெளிவாக வருவதற்கான உத்தி அது. மிக அருகிலுள்ள பொருள்களைப் படமெடுக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமராவைப் பின்புறத்தில் ஒட்டிவைத்து “மூன்று கேமரா” என்று விற்பதைத்தான் நான் ஏமாற்றுக்கு நெருக்கமானது என்பேன்.

கேள்வி: அமோலெட் திரைக்கு மாறியதிலிருந்து இரவில் கண் வலிக்கிறது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் அன்று. அமோலெட் உள்ளிட்ட பல ஓலெட் திரைகள், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியபோது ஒளியை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. பெரும்பாலோர் இதை உணர்வதில்லை. சிலருக்குக் கண்வலியும் தலைவலியும் வருகின்றன. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, இன்னொரு கைபேசிக் கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டி அதைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடுவது தெரிந்தால் அந்தத் திரை இவ்வகையைச் சேர்ந்தது. இரவில் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி வைப்பது பலருக்கு உதவுகிறது. உதவாவிட்டால் எல்சிடி திரையுள்ள கைபேசிக்கு மாறுவதே நல்லது. வலி நீடித்தால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கைபேசி அளவில் இ-இங்க் திரையுள்ள கருவி கிடைக்குமா? பேருந்தில் ஒரு கையால் பிடித்துப் படிக்க வேண்டும்.

ஓனிக்ஸ் பூக்ஸ் நிறுவனத்தின் பால்மா அப்படிப்பட்டது, 6.13 அங்குலம், ஆண்ட்ராய்டில் இயங்குகிறது. கைபேசியைப் போல் தோன்றினாலும் சிம் போட்டுப் பேச முடியாது என்பதை மறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு என்பதால் கிண்டில் செயலியும் தமிழும் சிக்கலின்றி வேலை செய்யும். ஆனால் அதே காரணத்தால் வாட்ஸ்அப்பும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு கைபேசிகள், ஒன்றில் ராம் (தற்காலிக நினைவகம்) கூடுதல், மற்றொன்றில் நீண்டகால மென்பொருள் புதுப்பிப்பு. எதை எடுப்பது?

புதுப்பிப்பு உள்ளதை. 2023 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 8-க்கும் 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு அறிவிக்கப்பட்டது. குறைந்த விலைக் கைபேசிகளில் இவ்வளவு கிடைக்காது. பெட்டியில் இல்லாத இந்த விவரத்தை நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டும் “கூடுதல் ராம்” என்றால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய கிண்டிலை வாங்கலாமா?

வாங்கலாம். விற்பவர் தம் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்பதை அவர் எதிரிலேயே பாருங்கள்; பிறகு உங்கள் கணக்கில் அங்கேயே பதிவு செய்துபாருங்கள். காணாமல் போனதாகப் புகார் செய்யப்பட்ட கருவி பதிவாகாது. பதிவான பிறகு பணத்தைக் கொடுங்கள்.