குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: ஊர் அருங்காட்சியகம் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் ஊர் மக்கள் மனமுவந்து கொடுத்த பொருட்களைக் கொண்டு ஒரு சிறிய காட்சியறையைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: எங்கள் வாசிகசாலையில் ஓர் அறை வெறுமையாகக் கிடக்கிறது. அதை ஊர் வரலாற்றுக்கு ஒதுக்க நினைக்கிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?

ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். கண்ணாடி அலுமாரி அடுத்த வருடம் வரட்டும். ஒரு பொருள் வாசலுக்குள் வந்த அன்றே அதைக் கொடுத்தவர் யார், எந்த வீட்டில் இருந்தது, யார் கையில் புழங்கியது, எதற்குப் பயன்பட்டது என்பதை எல்லாம் எழுதிவிட வேண்டும். அன்பளிப்பா இரவலா என்று தெளிவாகக் குறித்துக் கையொப்பமும் வாங்குங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வந்து கேட்கும்போது மனக்கசப்புத்தான் மிஞ்சும். எண் கொடுப்பதும் எளிது. 2025.4.2 என்றால், 2025இல் நான்காவதாகக் கொடுத்தவரின் இரண்டாவது பொருள். கடதாசிப் பொருட்களில் அந்த எண்ணைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

நான் தொடங்கிய காலத்தில் இதைச் செய்யத் தவறினேன். முதல் ஆண்டில் ஓர் ஆச்சி தந்த பனையோலைக் கொட்டப்பெட்டி, அதாவது இடுப்பில் செருகும் சிறு பை, இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. ஆச்சி காலமாகிவிட்டார். அதை யார் பின்னினார், யார் இடுப்பில் செருகியிருந்தார் என்று சொல்ல இன்று எவரும் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

தம்பலகாமத்திலிருந்து ஓர் ஐயா: அப்பப்பாவின் ஏட்டுக்கட்டுகள் மூன்று பரணில் இருந்தன. வைத்திய ஏடுகள் என்கிறார்கள். சரஸ்வதி பூசைக்கு மட்டும் எடுத்து மஞ்சள், குங்குமம் பூசி வைப்போம். சில ஓலைகள் ஒட்டிவிட்டன.

ஐயா, இனிமேல் மஞ்சளும் குங்குமமும் வேண்டாம். பூசையில் பக்கத்தில் வைத்து ஒரு பூ சாத்தினால் போதும். மஞ்சள்கறை ஓலையில் ஏறினால் நீங்காது. ஈரப்பசை பூச்சியையும் அழைக்கும். ஒட்டிய ஓலைகளைக் கத்தியாலோ நகத்தாலோ பிரிக்காதீர்கள். பயிற்சி பெற்றவர் வரும்வரை அப்படியே இருக்கட்டும். மற்ற ஓலைகளின் தூசியை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். எழுத்தாணியால் கீறி மை தடவிய ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். ஆனால் எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே தொடருங்கள். ஓலைகளின் ஒழுங்கு குலையக் கூடாது. இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கஞ்சி போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், மாரிகாலத்தில் உள்ளே வியர்த்துவிடும். பரணும் வேண்டாம், அங்கே வெக்கையும் கறையானும்.

ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இரு பக்கமும் படமெடுத்துப் பிரதியை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.

அன்புவழிபுரத்திலிருந்து ஓர் அம்மா: பழைய பித்தளை விளக்கைப் பளபளப்பாக்கித் தரலாமா?

தயவுசெய்து அப்படியே தாருங்கள். ஒரு விளக்கை நானே புளி போட்டுத் தேய்த்து, அடிப்பீடத்தில் இருந்த உபயகாரர் பெயரில் பாதியை அழித்துவிட்டேன்.

திருக்கடலூரிலிருந்து ஒரு மீனவத் தம்பி: வலையில் துருப்பிடித்த இரும்புக் குண்டு ஒன்றும் மண்சாடி ஒன்றும் வந்தன. குண்டை முற்றத்தில் வைத்திருக்கிறேன்.

அதைத் தொடாமல், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு உடனே பொலிஸுக்குச் சொல்லுங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின; அதன் பிறகும் இங்கே போர் நடந்திருக்கிறது. பழைய பீரங்கிக் குண்டா, வெடிக்காத குண்டா என்று துருவை வைத்து நீங்களும் நானும் சொல்ல முடியாது.

சாடியைக் காயவிடாதீர்கள். உள்ளே ஊறிய உப்பு காயும்போது படிகமாகி மேற்பரப்பை உரித்துவிடும். நன்னீர் வாளியில் வைத்து நீரை மாற்றிக்கொண்டிருங்கள். பழம்பொருள் என்றால் சட்டப்படி அது அரசுக்குரியது. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எங்கே, எத்தனை பாக ஆழத்தில் வலை போட்டீர்கள் என்பதை இன்றே எழுதிவையுங்கள். சாடியைவிட அந்தத் தகவல் பெரிது.

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியை: பாடசாலைப் பிள்ளைகள் காட்சியறைக்கு வந்தால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு விளக்கம் சொல்லாமல் வேலை கொடுங்கள். பிரட்றிக் கோட்டை வாசலுக்கு நான் அழைத்துப் போகும் பிள்ளைகளிடம் கல்லில் உள்ள இரட்டைக் கயலை, பாண்டியரின் மீன் சின்னத்தை, தேடச் சொல்வேன். பிறகு சிதைந்த தமிழெழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்வேன். ஓர் எழுத்தைக் கண்டுபிடித்த பிள்ளை அந்தக் கல்லை மறக்காது. உங்கள் ஊருக்கோ ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் இருக்கிறார். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்தவர். அவர் எந்த வழியால் மலைநாட்டுக்குக் கொண்டு போகப்பட்டிருப்பார் என்று வரைபடத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.

நகரிலிருந்து ஒருவர்: நுழைவுக் கட்டணம் வைக்கலாமா?

ஊராருக்கு வேண்டாம். வாசலில் ஓர் உண்டியல் போதும்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: இந்த மாவட்டத்தில் எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும் ‘யாருடையது’ என்ற சண்டை வருகிறது. குறிப்பட்டையை எப்படி எழுதுவது?

கண்ணால் காண்பதை எழுதுங்கள். உதாரணமாக, வெல்கம் விகாரை பௌத்தப் பள்ளி, அதாவது பௌத்த வழிபாட்டிடம். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்றும் பெயர். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பள்ளிக்குக் கொடுத்த தானங்களைச் சொல்கின்றன. இதை இப்படியே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பொருள்பட எழுதுங்கள். ஒரு மொழியில் கூட்டி இன்னொரு மொழியில் குறைத்தால் வாசிப்பவர் நம்மை மீண்டும் நம்பமாட்டார், அது நியாயமும்கூட.

கிண்ணியாவிலிருந்து ஒரு தங்கை: 2004 கடல்கோளில் எங்கள் வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லையே?

உங்கள் உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, பழைய வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். கிணறு எங்கே, தோணி எங்கே இழுத்துவைத்தார்கள், பெருநாளுக்கு எங்கே சமைத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். கலியாணப் படம் அந்தக் கலியாணத்துக்கு வந்த யாரோ ஒருவரின் அல்பத்தில், கடல் வராத ஊரில் இருக்கக்கூடும். விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்து உங்களுக்கு ஒன்று, காட்சியறைக்கு ஒன்று வைப்போம்.