ரேடாருக்குத் தெரிவதும் தெரியாததும்

கேள்வி: ரேடார் படத்தில் சிவப்பாக இருந்தால் பயங்கரமான இடிமழைப் புயல் என்று அர்த்தமா?

பதில்: நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரேடார் அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். அதனால் பெரிய துளிகளும் ஈரமான ஆலங்கட்டியும் கொஞ்சம் இருந்தாலே படம் சிவந்துவிடும்.

வடிவம்தான் முக்கியம். 1953 ஏப்ரல் 9 அன்று அமெரிக்காவின் இல்லினாயில், மழையை அளக்கும் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த ரேடாரின் திரையில், ஒரு புயலின் ஓரத்திலிருந்து தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு நீண்டது. அந்த இடத்தில் டொர்னாடோ, அதாவது மேகத்திலிருந்து தரை வரை நீளும் சுழல்காற்று, வீசிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கொக்கியைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கொக்கி இருந்தும் டொர்னாடோ வராத புயல்கள் ஏராளம். அந்தக் குழப்பத்தைக் குறைத்தது டாப்ளர் என்ற வகை ரேடார். துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்று அது காட்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் அங்கே காற்று சுழல்கிறது. 1973 மே 24 அன்று ஒக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய டொர்னாடோவின் பதிவைப் பிறகு அலசியபோது, அது தரையைத் தொடும் முன்பே மேகத்துக்குள் சுழல் உருவாகியிருந்தது தெரிந்தது.

கேள்வி: ஒரு இடிமழைப் புயல் இரண்டாக உடையுமா?

பதில்: உடையும், ரேடாரில் அழகாகவே தெரியும். உயரம் கூடக்கூடக் காற்றின் வேகம் நன்றாக மாறினால், மேலெழும் காற்றின் இரு பக்கமும் எதிரெதிர்ச் சுழல்கள் பிறக்கும். வட அரைக்கோளத்தில் கடிகார எதிர்த்திசையில் சுழலும் துண்டு வலப்பக்கம் ஒதுங்கும், பெரும்பாலும் அதுதான் நீடிக்கும். இடப்பக்கம் போவது அபூர்வமாகவே பிழைக்கும், ஆனால் பிழைத்தால் பெரிய ஆலங்கட்டியைக் கொட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் ரேடாருக்கு எல்லாமே தெரியுமா?

பதில்: தெரியாது. பூமி உருண்டை, கதிரோ கிட்டத்தட்ட நேராகப் போகிறது, 100 கி.மீ. தள்ளி அது தரைக்கு ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. மேலே இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. புதிய ரேடார்கள் அலையைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் அனுப்புவதால், மழைத்துளியையும் பறக்கும் தகரம், மரக்கிளையையும் பிரித்துச் சொல்லிவிடும், டொர்னாடோ நிஜமாகவே தரையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இருந்தாலும் டொர்னாடோவின் அடிப்பகுதியைப் பார்க்க லாரியில் ரேடாரை ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே போக வேண்டியிருக்கிறது.

2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரெனோ அருகே அப்படிப் போன ரேடார்கள், சுமார் 4.2 கி.மீ. அகல டொர்னாடோவையும் மணிக்கு 450 கி.மீ.க்கு மேலான காற்றையும் பதிவு செய்தன. அதை வைத்து, டொர்னாடோவின் வலிமைக்குத் தரம் போடும் ஈஎஃப் அளவுகோலின் உச்சமான ஈஎஃப்5 என்றார்கள், அப்புறம் ஈஎஃப்3 ஆகக் குறைத்துவிட்டார்கள். காரணம், அந்த அளவுகோல் சேதத்தைப் பார்த்துத் தரம் போடுவது, அங்கே இருந்ததோ பெரும்பாலும் வயல்வெளி. விதி அதுதான் என்றாலும் எனக்கு இது சரியாகப் படவில்லை, அளந்த வேகத்துக்கும் ஒரு மதிப்பு வேண்டாமா?